குளவிக் கூடு: எதை விட்டுவைப்பது, எதற்கு ஆளைக் கூப்பிடுவது

நஞ்சு தெளிப்பதை நிறுத்திய தோட்டத்துக்கு ஓரிரு ஆண்டில் சில விருந்தாளிகள் தாமாகவே வந்து சேருவார்கள். தும்பி வரும், பொறிவண்டு பெருகும், வரப்பெல்லாம் சிலந்தி வலை கட்டும். பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். கூடவே குளவியும் வரும். மோட்டார் கொட்டகையின் நிலைக்கு மேலே, ஸ்டார்ட்டர் பெட்டிக்குள்ளே, மாட்டுக் கொட்டகை ஓலைக்கு அடியிலே, உயிர்வேலிக்குள்ளே என்று அது கூடு கட்டும்போதுதான் கேள்வி பிறக்கிறது: "மருந்தே அடிக்காம வெள்ளாமை பண்றோம், இதுக்கு மட்டும் என்ன பண்றதுண்ணே?"

இதற்கு ஒரே விடை கிடையாது. கூட்டுக்குள் இருப்பது யார், கூடு இருப்பது எங்கே, இந்த இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நம் ஊர்களில் தவறு இரண்டு பக்கமும் நடக்கிறது. ஒருவரையும் கொட்டாத மண்குளவிக் கூட்டை மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துகிறார்கள். ஆளையே கொல்லக்கூடிய கதண்டுக் கூட்டுக்கு அடியில் நின்றுகொண்டு, "அது பாட்டுக்கு இருக்குது" என்று தேங்காய் பறிக்க ஆளை ஏற்றுகிறார்கள்.

கூட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லலாம்

பூச்சியைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டியதில்லை. கூட்டின் அமைப்பே போதும். பத்துப் பதினைந்தடி தள்ளி நின்று பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். உயரத்தில் இருந்தால் கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

சுவரிலோ சன்னல் ஓரத்திலோ சின்ன மண் குடம், அல்லது மண்ணைக் குழைத்து அப்பியதுபோல் ஒரு கட்டி இருந்தால் அது மண்குளவி. வேட்டாளி, வேட்டுவன் குளவி என்றும் சொல்வார்கள். இது தனிக்கட்டை. ஒரு பெண் குளவி தனியாகக் கட்டி, ஒவ்வோர் அறையிலும் ஒரு முட்டை இட்டு, குஞ்சுக்கு இரையையும் உள்ளே வைத்து மூடிவிட்டுப் போய்விடும். சிலவகை பச்சைப்புழுவைப் பிடித்து வைக்கும், சிலவகை சிலந்தியைப் பிடித்து வைக்கும். கொட்டி மயக்கிய இரை சாகாமல், கெடாமல் கிடக்கும். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு அதைத் தின்று வளரும். குளவி கொட்டக் கொட்டப் புழுவே குளவியாக மாறும் என்று நம் முன்னோர் நினைத்தது இதைப் பார்த்துத்தான். புழு உள்ளே போகிறது, குளவி வெளியே வருகிறது. நடுவில் நடப்பது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மண்குளவிக்குக் காவல் காக்கும் கூட்டம் கிடையாது. கூட்டுக்குப் பக்கத்தில் போனாலும் பாய்ந்து வராது. கையில் பிடித்து நசுக்கினால் கொட்டும். எனவே இதைச் சும்மா விட்டுவிடுங்கள். தொல்லை ஒன்றே ஒன்றுதான். குழாய் முனை, பூட்டுத் துவாரம், தெளிப்பானின் நுனி என்று கிடைத்த ஓட்டையிலெல்லாம் மண்ணை அடைத்துவைக்கும். சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டி வைக்கும்போது முனைகளை ஒரு துணியால் கட்டிவையுங்கள், போதும்.

அடுத்தது காகிதக் குளவி. தலைகீழாகத் தொங்கும் தாமரைக்காய்போல், மெல்லிய காம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு தட்டு இருக்கும். அறுகோண அறைகள் வெளியே திறந்தபடி கண்ணுக்குத் தெரியும். மேலே உறை இருக்காது. பட்ட மரத்தையும் வேலிப் பட்டையையும் சுரண்டி, எச்சிலில் குழைத்து அந்தக் காகிதத்தைச் செய்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ராகவேந்திர கதக்கர் தென்னிந்தியாவின் காகிதக் குளவி ஒன்றைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். அந்த ஆய்வுகளிலிருந்து உழவருக்குத் தேவையான ஒரு சேதி: அந்தக் குளவியின் கூடு நம் தட்பவெப்பத்தில் ஆண்டு முழுவதும் நடக்கும். ஒரு ராணி போனால் அதே கூட்டில் இருக்கும் இன்னொன்று ராணியாகிவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு, "பனிக்காலம் வந்தா தானா செத்துரும்" என்று காத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உறைபனி விழும் ஊருக்குச் சொன்ன அறிவுரை நமக்குப் பொருந்தாது.

காகிதக் குளவி கூட்டைக் காக்கும். ஆனால் கூட்டை இடித்தால், ஆட்டினால், மிக நெருங்கி மூச்சுக்காற்று பட நின்றால்தான் கொட்டும். பத்தடி தள்ளி நடந்து போகிறவரை அது கண்டுகொள்வதில்லை.

மூன்றாவது ஆள்தான் கதண்டு. ஊருக்கு ஊர் கடந்தை, கடந்தல் என்று பெயர் மாறும். செய்தித்தாளில் 'விஷ வண்டு' என்று போடுவார்கள். அது வண்டே இல்லை, குளவி இனத்தில் பெரியது. ஓர் அங்குலம் வரை இருக்கும். உடல் கருமையும் பழுப்பும், வயிற்றின் முன்பாதியில் பட்டை அடித்ததுபோல் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறம். கூடு கவிழ்த்த பானைபோல் இருக்கும். அறைகள் வெளியே தெரியாது. சுற்றிலும் காகித உறை, அதில் அலை அலையாக வரி, பெரும்பாலும் போக வர ஒரு வாசல். தென்னை மண்டையிலும், பனையின் காவோலைக்குள்ளும், அடர்ந்த புதரிலும், பூட்டிக் கிடக்கும் வீட்டின் பரணிலும் இருக்கும். மரப்பொந்திலும் மண் பொந்திலும் கட்டும் வகை உண்டு. அங்கே பானை தெரியாது, பூச்சி போவதும் வருவதும்தான் தெரியும்.

தேனீக்களைப் பற்றித் தனியாகப் பின்னால் சொல்கிறேன்.

காகிதக் குளவியை ஏன் விட்டுவைக்கச் சொல்கிறோம்

குளவிக் குஞ்சுக்கு இறைச்சி வேண்டும். வளர்ந்த குளவிகள் நாள் முழுவதும் செடி செடியாகத் தேடிப் புழுவைப் பிடித்து, மென்று, உருண்டையாக்கிக் கூட்டுக்குக் கொண்டுபோகும். கத்தரியிலும் முட்டைக்கோசிலும் குளவி சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அது காய் தின்ன வரவில்லை. பிரேசிலில் மக்காச்சோளத்திலும் கரும்பிலும் காகிதக் குளவிகளை விட்டுச் செய்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளிவந்தது. படைப்புழுவும் கரும்பின் தண்டுத்துளைப்பானும் குறைந்தன, பயிர்ச் சேதமும் குறைந்தது. அது 2018-இல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்டு நம் மக்காச்சோளக் காடுகளுக்கும் வந்து சேர்ந்த அதே படைப்புழுதான். குளவி மட்டுமே படைப்புழுவை முடித்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் கூலியில்லாமல் வேலை செய்யும் ஆளை எதற்கு விரட்ட வேண்டும்?

ஆகவே தோட்டத்து மூலையில், வேலிக்குள்ளே, ஆள் நடமாட்டம் இல்லாத கொட்டகைக் கூரையில் இருக்கும் காகிதக் குளவிக் கூட்டை விட்டுவிடலாம். ஒரு சிவப்புத் துணியை எட்டத்தில் கட்டி வையுங்கள். களை எடுக்க வருகிற அக்காமாருக்கும், பக்கத்துக் காட்டுக்காரருக்கும், வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

கதவு நிலையில், கைப்பம்புக்கு மேலே, குழந்தைகள் விளையாடும் திண்ணையில் இருந்தால் விட்டுவைக்க முடியாது. வீட்டில் யாருக்காவது முன்பு குளவியோ தேனீயோ கொட்டி உடம்பெல்லாம் தடித்திருந்தால் அங்கும் விட்டுவைக்கக் கூடாது. இந்த இடத்தில் அகற்றுவதில் தயக்கம் வேண்டாம். கூடு சிறியதாக, திறந்த அறை உடையதாக, தரையில் நின்றபடியே எட்டுவதாக இருந்தால் மட்டும் நாமே செய்யலாம். ஏணி போட்டு ஏற வேண்டிய கூட்டை நாமே தொடக் கூடாது. கொட்டியதைவிட ஏணியிலிருந்து விழுந்து அடிபடுவதே பெரிதாகப் போய்விடும்.

இதற்கு நஞ்சு தேவையில்லை, சோப்புத் தண்ணீர் போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசல் இரண்டு மூன்று கரண்டி கலந்து, நீளமாகப் பீய்ச்சும் கைத்தெளிப்பானில் ஊற்றிக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீர் குளவி மேல் ஒட்டாமல் வழிந்துவிடும். சோப்பு கலந்தால் உடலில் உள்ள மூச்சுத் துளைகளுக்குள் புகுந்துவிடும். பொழுது சாய்ந்து எல்லாம் கூடு திரும்பிய பிறகு, அல்லது விடியும் முன் செய்ய வேண்டும். முழுக்கைச் சட்டை இரண்டு, அதன்மேல் மழைக்கோட்டு, கால்சட்டையின் நுனி காலுறைக்குள், கையுறை, முகத்துக்குக் கண்ணாடி மூடிய ஹெல்மெட், கழுத்தைச் சுற்றித் துண்டு. விளக்கைக் கையில் பிடிக்காதீர்கள். குளவி வெளிச்சத்தை நோக்கித்தான் வரும். சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச்சைத் தள்ளி ஒரு பக்கமாக வையுங்கள். சிவப்பு நிறம் குளவிக்கும் தேனீக்கும் சரியாகத் தெரியாது. ஓடுகிற வழி முதலிலேயே தடையில்லாமல் இருக்க வேண்டும். கூடு முழுக்க நனையும்படி பீய்ச்சிவிட்டு விலகிவிடுங்கள். காலையில் ஒன்றும் அசையவில்லை என்று பார்த்த பிறகு, நீளக் கம்பால் தட்டிவிட்டுக் காம்பையும் சுரண்டிவிடுங்கள்.

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கூடு இருந்தால் இந்த வேலை வேண்டவே வேண்டாம். மின்சாரம் இருக்கும் இடத்தில் தண்ணீரும் கூடாது, மண்ணெண்ணெயும் கூடாது. மெயினை அணைத்துவிட்டு, மின்பணியாளரைக் கூட வைத்துக்கொண்டுதான் திறக்க வேண்டும். இது வராமல் தடுப்பது எளிது. வயர் நுழையும் ஓட்டையை எம்-சீலால் அடைத்துவிட்டால் குளவி உள்ளே போகாது. அதுவரைக்கும் பெட்டியைத் திறக்கும் முன் ஒரு குச்சியால் தட்டிப்பார்த்துவிட்டு, சற்று நின்று திறக்கிற பழக்கம் வேண்டும். இருட்டில் கரண்ட் வந்ததும் ஓடிப்போய்ப் பெட்டிக்குள் கைவிட்டுக் கொட்டு வாங்கியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள்.

கதண்டுக்கு வீரம் வேண்டாம்

கதண்டு மற்றக் குளவிகளின் கூட்டையே சூறையாடக்கூடியது. தேன்பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதைத் தெரியும், பெட்டி வாசலிலேயே நின்று தேனீயைப் பிடித்துக்கொண்டு போகும். அதுவும் புழுவைத் தின்னும், இயற்கையில் அதற்கும் ஒரு வேலை இருக்கிறது. அதனால் ஆள் போகாத காட்டு மூலையில், எட்டாத உயரத்தில் இருந்தால் அடையாளம் வைத்துவிட்டு விலகிப் போகலாம். வீடு, கொட்டகை, பாதை, கிணற்றடி, பள்ளிக்கூடம், கோயில் மரம் ஆகியவற்றின் அருகில் என்றால் இந்த தாராளம் உதவாது.

தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் ஒருமுறை கொட்டியதும் அது நம் தோலிலேயே தங்கிவிடும், தேனீ செத்துவிடும். கதண்டின் கொடுக்கு வழுவழுப்பானது. ஒரே கதண்டு திரும்பத் திரும்பக் கொட்டும். அதோடு ஆபத்து என்று தெரிந்தால் ஒரு வாசனையை வெளியிடும். அந்த வாசனை கூட்டத்தையே கிளப்பிவிடும். கூட்டருகே ஒரு கதண்டை அடித்து நசுக்குவது மற்றவற்றைக் கூப்பிட்டு விடுவதற்குச் சமம்.

எனவே கல் எறிவது, பட்டாசு வைப்பது, கூட்டுக்குத் தண்ணீர் பீய்ச்சுவது, கம்பில் துணி சுற்றிப் பந்தம் கொளுத்துவது எதுவும் வேண்டாம். பந்தம் பிடித்தவர் கொட்டு வாங்கிக் கீழே போட்டுவிட்டு ஓட, ஓலை வீடும் வைக்கோல் போரும் பற்றிக்கொள்ளும். வேப்பெண்ணெய்க் கரைசல், இஞ்சி பூண்டுக் கரைசல், ஐந்திலைக் கரைசல் இவையெல்லாம் பயிரில் புழுவை விரட்ட நாம் வைத்திருப்பவை. இவற்றை நம்பிக் கதண்டு மரத்தடியில் தெளிப்பானோடு நிற்காதீர்கள். கடையில் விற்கும் பூச்சிக்கொல்லிப் புட்டியும் அப்படித்தான். அடித்த மறுநொடியில் எல்லாம் சாவதில்லை, சாகாதவை அடித்த ஆளைத் தேடி வரும்.

தமிழ்நாட்டில் இதற்குத் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை இருக்கிறது. 101 அல்லது 112-ஐ அழையுங்கள். ஊர், இடம், எந்த மரம், ஏறக்குறைய எத்தனை அடி உயரம், வண்டி வர வழி இருக்கிறதா, பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்பதைச் சொல்லுங்கள். பெரும்பாலும் இருட்டிய பிறகே வேலையைத் தொடங்குவார்கள். பகலில் வந்தால் பாதிக் கதண்டு வெளியே இருக்கும். அவர்களும் பல இடங்களில் தீயைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் உடம்பை மூடிய உடையும் அணைக்கத் தண்ணீரும் கையில் வைத்துக்கொண்டு. அவர்கள் வேலை செய்யும்போது வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். வெளி விளக்கை அணைத்துச் சன்னலைச் சாத்திவிடுங்கள். ஆடு மாடுகளை முன்கூட்டியே வேறிடத்தில் கட்டுங்கள். கூட்டை அழித்த பிறகும் வெளியே தங்கிவிட்ட கதண்டுகள் ஓரிரு நாள் அதே இடத்தைச் சுற்றித் திரியும். அதுவரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பெரிய கூடும் ஒரு காலத்தில் எலுமிச்சைப்பழம் அளவில்தான் இருந்திருக்கும். ஒரு ராணி மட்டும் தனியாக அதைத் தொடங்கும். மாதத்துக்கு இருமுறை கூரை, பரண், வாசல் மரம், கொட்டகை மூலை எல்லாவற்றையும் அண்ணாந்து பார்த்து வந்தால், இந்த நிலையிலேயே கண்ணில் பட்டுவிடும். காய்ந்த மட்டையையும் காவோலையையும் அவ்வப்போது கழித்துவிடுவதும் நல்லது, மறைவிடம் குறையும். ஆனால் அதற்கு ஏறும் முன்பும் கீழிருந்து பார்க்க வேண்டும்.

இதில் உயிரை விடுபவர் பெரும்பாலும் கூலி வேலைக்கு வந்தவர்தான். தென்னை ஏறுபவர், பனை ஏறுபவர், வாய்க்கால் தூர்வார வந்த நூறுநாள் வேலைக்காரர்கள், வேலி வெட்ட வந்தவர். தோட்டம் நம்முடையது, மரத்தை அறிந்தவர் நாம். ஏறச் சொல்லும் முன் பத்து நிமிடம் மரத்தடியில் நின்று மண்டையைப் பார்ப்பது நம் பொறுப்பு. பூச்சி ஒரே திசையில் வரிசையாகப் போய் வருகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் அந்த மரத்தை விட்டுவிடலாம், நாலு தேங்காய் போனால் போகட்டும். புல்வெட்டும் இயந்திரமும் டிராக்டரும் புதரோரம் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். அந்த அதிர்வே கூட்டைக் கிளப்பிவிடும். இரைச்சலில் ஓட்டுபவருக்கு முதல் கொட்டு விழும் வரை எதுவும் தெரியாது.

தேனீயை எரிக்காதீர்கள்

நம் பகுதித் தேனீக்களில் கொசுத்தேனீக்குக் கொட்டத் தெரியாது. சுவர்ப் பொந்தில் மெழுகுக் குழல் நீட்டிக்கொண்டிருந்தால் அது கொசுத்தேனீதான். பூசி அடைத்துவிடாதீர்கள். கொம்புத்தேனீ வேலியில் கையளவு ஒற்றை அடை கட்டும், சீண்டாதவரை ஒன்றும் செய்யாது. பொந்திலும் கிணற்றுச் சுவரிலும் பல அடுக்காக அடை கட்டுவது அடுக்குத்தேனீ, அதாவது இந்தியத் தேனீ. இதைப் பெட்டிக்கு மாற்றலாம். மார்த்தாண்டம் பக்கம் தலைமுறையாக இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மற்ற மாவட்டங்களிலும் தேன்பெட்டி வைத்திருப்பவரைக் கேட்டால் வந்து எடுத்துப் போவார். உங்கள் தோட்டத்திலேயே பெட்டியில் வைத்துக்கொள்ளவும் செய்யலாம்.

பயப்பட வேண்டியது மலைத்தேனீக்கு. பெருந்தேனீ என்றும் சொல்வார்கள். ஆலமரம், நீர்த்தேக்கத் தொட்டி, மாடிக் கட்டடத்தின் அடிப்பகுதியில் அரைவட்டமாக ஒற்றைப் பெரிய அடை தொங்கும். தேனீக்கள் அதன்மேல் போர்வைபோல் மூடியிருக்கும். இதைப் பெட்டியில் வளர்க்க முடியாது. பூக்கும் காலம் முடிந்தால் அதுவே அடையைக் காலிசெய்துவிட்டுப் போய்விடும், சில மாதங்கள் பொறுத்தால் போதும். கீழே புகை போடாதிருந்தால், பருந்து அடையில் மோதாதிருந்தால், பையன்கள் கல் எறியாதிருந்தால் அது அமைதியாகவே இருக்கும். கோயில் மரத்தடியில் பொங்கல் வைக்கும்போது புகை போய், அல்லது சாவு ஊர்வலத்தில் வெடி போட்டு, கூட்டமாகக் கொட்டு வாங்கும் செய்தி அடிக்கடி வருகிறது. திருவிழாவுக்கு முன் ஊர்ப் பெரியவர்கள் மரத்தை ஒருமுறை பார்த்துவிட்டால் அடுப்பை வேறு பக்கம் மாற்றிக்கொள்ளலாம்.

கொட்டிவிட்டால்

முதல் வேலை ஓடுவது. கையை வீசி அடிக்காமல், சட்டையை அல்லது துண்டை முகத்தில் இழுத்துக்கொண்டு, நேராக ஓடி ஏதாவது வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ புகுந்து கதவைச் சாத்துங்கள். கூடவே நாலைந்து பூச்சி உள்ளே வந்தாலும் பரவாயில்லை, வெளியே நூறு இருக்கிறது. கிணற்றிலோ குளத்திலோ குதிக்காதீர்கள். தலை தூக்கும் வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அடர்ந்த புதரோ கரும்புக் காடோ பக்கத்தில் இருந்தால் அதற்குள் புகுந்து ஓடலாம். மாடு கட்டியிருக்கும் இடத்தில் என்றால், போகிற வழியில் எட்டும் கயிற்றை அவிழ்த்துவிட முடிந்தால் சரி. திரும்பிப் போய் அவிழ்க்கப் பார்க்காதீர்கள். கட்டிய மாடு ஓட முடியாமல் கொட்டு வாங்கிச் சாகும் என்பதால்தான் கூடுள்ள மரத்தடியில் கட்டவே வேண்டாம் என்கிறோம்.

தேனீ கொட்டியிருந்தால் கொடுக்கை உடனே எடுங்கள். நகத்தால் சுரண்டியோ கிள்ளியோ எப்படியாவது, ஆனால் வேகமாக. நஞ்சுப்பை தோலில் இருந்துகொண்டே நஞ்சை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். குளவியும் கதண்டும் கொடுக்கை விட்டுவிட்டுப் போவதில்லை, தேட வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள், வீங்கிய பிறகு வராது. சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியோ ஈரத்துணியோ வையுங்கள். ஒன்றிரண்டு கொட்டு, அந்த இடத்தில் மட்டும் வலியும் வீக்கமும் என்றால் இவ்வளவே போதும்.

இனிச் சொல்வது நம் இயக்கத்து நண்பர்கள் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். சுண்ணாம்பு, வெங்காயம், மஞ்சள், துளசிச் சாறு என்று வீட்டுக்கு வீடு ஒரு கைமருந்து உண்டு. ஒரு குளவி கொட்டிய வலிக்கு வெங்காயத்தைத் தேய்ப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் ஒவ்வாமையால் மூச்சுக்குழல் வீங்குவதை எந்தப் பச்சிலையும் நிறுத்தாது. கொட்டாத இடத்திலும் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்குதல், குரல் கரகரத்தல், மூச்சிரைப்பு, வாந்தி, தலைசுற்றி மயக்கம் வருதல், இவற்றில் எது தெரிந்தாலும் நேரம் நிமிடக் கணக்கில்தான் இருக்கிறது. ஒரே ஒரு கொட்டுக்கும் இது நடக்கலாம். இதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது. 108-ஐ அழைத்துவிட்டு அவரைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரட்டும். "தண்ணி குடிச்சிட்டு நடந்து வா" என்று எழுப்பி நடத்தாதீர்கள். மூச்சு முட்டுகிறவருக்கு வாயில் எதையும் புகட்டவும் வேண்டாம்.

இரண்டாவது ஆபத்து மெதுவாக வரும், அதனாலேயே ஏமாற்றிவிடும். ஒவ்வாமையே இல்லாதவருக்கும் நிறையக் கொட்டு விழுந்தால் நஞ்சு இரத்த அணுக்களையும் தசையையும் சிதைக்கும், அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். கொட்டிய அன்று ஆள் எழுந்து உட்கார்ந்து பேசுவார், வீட்டுக்கும் போய்விடுவார். ஓரிரு நாளில் சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் வரும், அளவு குறையும். அதற்குள் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கும். எனவே கதண்டு பத்துக்கு மேல் கொட்டியிருந்தால், குழந்தைக்கும் முதியவருக்கும் அதைவிடக் குறைவாக இருந்தாலும், வலி குறைந்துவிட்டது என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். எத்தனை கொட்டு என்று எண்ணிச் சொல்லுங்கள். சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள், மறுநாளும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். கண்ணில், வாய்க்குள், தொண்டையில் கொட்டினால் ஒன்றே ஒன்று என்றாலும் மருத்துவமனைதான். பதநீரையும் இளநீரையும் குடிக்கும் முன் உள்ளே ஏதும் மிதக்கிறதா என்று பார்த்துக் குடிக்கும் பழக்கம் இதற்காகத்தான்.

உங்கள் ஊருக்கு அருகில் இரவிலும் மருத்துவர் இருக்கும் மருத்துவமனை எது என்பதைக் கொட்டு விழும் முன்பே விசாரித்து வையுங்கள். அந்த எண்ணையும் 108, 101 ஆகியவற்றையும் மோட்டார் கொட்டகைச் சுவரில் பெரிதாகச் சுண்ணாம்பில் எழுதிவைத்தால், வேலைக்கு வந்தவர் கண்ணிலும் படும்.

காலியான கூட்டுக்கு ஒரு வழி உண்டு. சில நாட்கள் தொடர்ந்து பார்த்து, பூச்சி போக்குவரத்தே இல்லை என்று உறுதியான பிறகு கதண்டுக் கூட்டை எடுத்துக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். மாடி வீடுபோல் அடுக்கடுக்காக அடைகள், நடுவில் தூண்கள், சுற்றிலும் பல மடிப்புக் காகிதம். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தால் அறிவியல் ஆசிரியர் ஒரு வாரம் அதை வைத்தே பாடம் நடத்துவார்.